ஊழிக் குதிரைகள் நான்கு

உலகம் ஒருநாள் அழியும் என்னும் எண்ணம் மாந்தரின் மிகப் பழைய அச்சங்களுள் ஒன்றாகும். வெள்ளம் என்றும் நெருப்பு என்றும் பஞ்சம் என்றும் ஒவ்வொரு சமயமும் அவ்வச்சத்திற்குத் தனக்குரிய வடிவத்தைத் தந்திருக்கிறது. கிறிஸ்தவ மறைநூலின் இறுதிப் பகுதியாகிய திருவெளிப்பாடு தந்த வடிவங்கள் பல. ஏழு தலை நாகம், ஏழு எக்காளம், பாபிலோன் நகரத்து மாது, அடியற்ற பாதாளம் என அவை நீளும். அவை எல்லாவற்றினும் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது, நான்கு குதிரைகளின்மேல் வரும் நான்கு வீரர்களின் காட்சியே.

அக்காட்சியை நினைக்கும்போது ஐரோப்பியரின் மனக்கண்முன் எழும் உருவம் பெரும்பாலும் ஒரே ஒரு படத்திலிருந்து வந்ததாகும். அதனை வரைந்தவர் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர். அது வெளிவந்தது 1498ஆம் ஆண்டில். வாஸ்கோடகாமாவின் கப்பல்கள் கோழிக்கோட்டுக் கரையை அடைந்ததும் அதே ஆண்டில்தான். ஓவியருக்கு அப்போது வயது 27. படமோ ஏறத்தாழ 39 செண்டிமீட்டர் உயரமும் 28 செண்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு தாள். அதில் பொன் இல்லை, வண்ணம் இல்லை. மரக்கட்டையில் செதுக்கிக் கரிய மையில் அழுத்தி எடுத்த கோடுகள் மட்டுமே உள்ளன. அரண்மனைச் சுவரிலோ ஆலயப் பீடத்திலோ இடம்பெறாத அந்தத் தாள், ஐந்து நூற்றாண்டுகளைக் கடந்து இன்றும் காண்போரை நடுங்கச் செய்கிறது. அதன் வரலாறு, ஓர் ஓவியரின் வரலாறு மட்டுமன்று. அச்சம் என்பது மக்கள் கைக்கு எட்டும் பொருளாக மாறிய வரலாறும் ஆகும்.

அஞ்சிய காலம்

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி, ஐரோப்பாவுக்கு அமைதியான காலமாக இருக்கவில்லை. 1453ஆம் ஆண்டில் கான்ஸ்டாண்டிநோபிள் துருக்கியர் வசமாயிற்று. 1480ஆம் ஆண்டில் அவர்கள் இத்தாலியின் தென்கோடியில் உள்ள ஓட்ராண்டோ நகரையும் கைப்பற்றினர். கொள்ளைநோய் ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறையாகத் திரும்பத் திரும்ப வந்தது. 1494ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னர் இத்தாலிமீது படையெடுத்தபின், அதுவரை கண்டறியாத மேகநோய் ஒன்று படைவீரர்களோடு ஊர் ஊராகப் பரவிற்று. அந்நோயைப் பற்றி 1496ஆம் ஆண்டில் நூரம்பர்க்கில் ஒரு துண்டுத்தாள் அச்சிடப்பட்டது. உடலெங்கும் புண்களோடு நிற்கும் நோயாளியின் உருவம் அதில் இடம்பெற்றது. அப்படத்தை வரைந்தவர் டியூரர் என்றே பலரும் கருதுகின்றனர்.

இவற்றோடு 1500 என்னும் ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் நிறைவெய்தும்போது உலகமும் நிறைவெய்திவிடுமோ என்று எளிய மக்களும் எண்ணினர்; கற்றவர்களும் எண்ணினர். அவ்வெண்ணம் எத்துணை இயல்பாக இருந்தது என்பதற்கு ஒரு நூலே சான்று கூறும். 1493ஆம் ஆண்டில் நூரம்பர்க்கில் ஹார்ட்மன் ஷேடல் என்னும் மருத்துவர் தொகுத்த உலக வரலாற்று நூல் வெளிவந்தது. உலகப் படைப்பில் தொடங்கித் தம் காலம் வரையில் எழுதிய அவர், இறுதித் தீர்ப்பு நாளைப் பற்றியும் எழுதினார். இடையில் சில தாள்கள் வெறுமையாக விடப்பட்டன. உலகம் முடியும்வரை நிகழவிருப்பவற்றை நூலை வாங்கியவரே எழுதிக்கொள்ளட்டும் என்பது நோக்கம். உலகின் எஞ்சிய வரலாற்றுக்குச் சில தாள்களே போதும் என்று ஒரு நகரம் நம்பியது! அந்த நகரத்தில் வளர்ந்த இளைஞரே டியூரர்.

அச்சுக்கூடத்தின் நிழலில்

டியூரர் 1471ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஹங்கேரியிலிருந்து 1455ஆம் ஆண்டில் நூரம்பர்க்கில் குடியேறிய பொற்கொல்லர். தாயார் பார்பரா 18 பிள்ளைகளைப் பெற்றார். அவர்களுள் வளர்ந்து ஆளானவர்கள் மூவர் மட்டுமே. தந்தையார் ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பையும் குறித்து வைத்திருந்தார். அக்குறிப்புகளை டியூரர் பிற்காலத்தில் தம் குடும்ப வரலாற்றில் படியெடுத்துச் சேர்த்தார். சாவு என்பது அவருக்கு மறைநூலில் படித்தறிந்த செய்தியன்று. வீட்டுக்கு வந்துபோகும் விருந்தாளி.

நூரம்பர்க் அன்று பேரரசின் பெருநகரங்களுள் ஒன்று. வணிகப் பாதைகள் கூடுமிடம். ஜெர்மன் நாட்டில் முதன்முதலாகக் காகித ஆலை அமைந்ததும் அந்நகரையொட்டித்தான், ஆண்டு 1390. டியூரரின் ஞானத்தந்தை அந்தோன் கோபர்கர். பொற்கொல்லராக இருந்து அச்சுத்தொழிலுக்கு வந்த அவர், 24 அச்சுப்பொறிகளை இயக்கிய பெரும் பதிப்பாளராக உயர்ந்தார். ஷேடலின் உலக வரலாற்றை அச்சிட்டவரும் அவரே.

தந்தையிடம் பொற்கொல்லர் தொழிலைப் பயின்ற டியூரர், ஓவியத்தில் நாட்டம் கொண்டு 1486ஆம் ஆண்டில் மிகாயேல் வோல்கெமுட் என்பாரின் தொழிற்கூடத்தில் மாணவராகச் சேர்ந்தார். ஷேடலின் நூலுக்கு வேண்டிய படங்களை உருவாக்கியது அத்தொழிற்கூடமே. 1800க்கும் மேற்பட்ட படங்கள் அந்நூலில் உள்ளன. ஆனால் அவற்றுக்குச் செதுக்கிய கட்டைகள் ஏறத்தாழ 645 மட்டுமே. ஒரே கட்டை ஓர் இடத்தில் ஒரு நகரமாகவும், மற்றோர் இடத்தில் வேறொரு நகரமாகவும் நின்றது; ஒரே முகம் பல மன்னர்களுக்குப் பொதுவாயிற்று. அன்றைய மரச்செதுக்குப் படத்தின் நிலை அதுதான். அது எழுத்துக்குத் துணை நின்ற ஏவலாள். வெறும் புறக்கோடுகளை வரைந்து, பிறகு தூரிகையால் வண்ணம் பூசி நிறைவு செய்வதே வழக்கம்.

பயிற்சி முடிந்தபின் 1490ஆம் ஆண்டில் டியூரர் ஊர் சுற்றப் புறப்பட்டார். செப்புத்தகட்டுச் செதுக்கில் பெரும்புகழ் பெற்றிருந்த மார்ட்டின் ஷோன்கவரைக் காணக் கோல்மார் நகருக்குச் சென்றார். அவர் சென்று சேர்வதற்குள் ஆசான் 1491ஆம் ஆண்டில் மறைந்துவிட்டார். ஆசானின் சகோதரர்கள் இளைஞரை வரவேற்றனர். காண இயலாமற்போன அந்த ஆசானின் செப்புத்தகட்டுக் கோடுகளே டியூரருக்கு ஆசானாயின. 1494ஆம் ஆண்டில் ஊர் திரும்பி ஆக்னஸ் என்பாரை மணந்தார். சில திங்களில் நூரம்பர்க்கில் கொள்ளைநோய் பரவியது. அவர் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வெனிஸ் நகருக்குச் சென்றார். மறு ஆண்டு திரும்பித் தமக்கெனத் தொழிற்கூடம் அமைத்தார். அங்கே தொடங்கிய முதற்பெரும் பணியே திருவெளிப்பாடு.

மரமும் கத்தியும்

மரச்செதுக்கு அச்சின் முறை சொல்வதற்கு எளியது; செய்வதற்கு அரியது. பேரிக்காய் மரம் போன்ற நெருங்கிய இழையுள்ள மரத்தின் பலகையை வழவழப்பாக்கி, அதன்மேல் படத்தை இடவல மாற்றமாக வரைவர். பிறகு கூரிய கத்தியால், கோடுகளை மட்டும் நிற்கவிட்டு மற்ற இடங்களையெல்லாம் குடைந்து நீக்குவர். மேடாக நிற்கும் கோடுகளில் மை தடவித் தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். செப்புத்தகட்டில் கோடு பள்ளமாகும். மரத்தில் கோடு மேடாகும். ஆகவே ஒரு மெல்லிய கோட்டை உண்டாக்க, அதன் இருபுறமும் இரண்டு முறை வெட்ட வேண்டும். ஒரு கோட்டின் குறுக்கே மற்றொரு கோடு செல்லுமாயின், இடையில் தோன்றும் ஒவ்வொரு சிறு கட்டத்தையும் தனித்தனியே குடைந்தெடுக்க வேண்டும். கத்தி ஒருமுறை தவறினால் கோடு உடையும், உடைந்தது மீளாது.

இத்தகைய முரட்டுப் பொருளிலிருந்து டியூரர் செப்புத்தகட்டின் நுட்பத்தைப் பெற்றார். அவருடைய கோடு தடித்துத் தொடங்கி மெலிந்து முடிகிறது, மேகத்தில் சுருள்கிறது, துணியில் மடிகிறது, குதிரையின் கழுத்தில் தசையாகப் புடைக்கிறது. நெருங்கிய கோடுகள் இருளாகவும், விலகிய கோடுகள் ஒளியாகவும், வெட்டி நீக்கிய வெற்றிடம் பேரொளியாகவும் ஆகின்றன. வண்ணம் பூச வேண்டிய தேவை அற்றுப்போயிற்று. பூசினால் அழகு குறையுமே அன்றிக் கூடாது. மேதை எராஸ்மஸ், டியூரர் இறந்த 1528ஆம் ஆண்டிலேயே வெளிவந்த நூலொன்றில் இதனைப் பாராட்டினார். பண்டைக் கிரேக்க ஓவியர் அப்பெல்லஸ் வண்ணங்களின் துணையோடு செய்ததை, டியூரர் கருங்கோடுகளைக் கொண்டே செய்துகாட்டினார் என்பது அவர் கருத்து.

ஓவியர் பதிப்பாளர் ஆகிறார்

திருவெளிப்பாட்டுக்கு டியூரர் 15 பெரும்படங்களை உருவாக்கினார். புனித யோவான் கொதிக்கும் எண்ணெயில் இடப்படும் காட்சியில் தொடங்கி, வானதூதர் நாகத்தைப் பாதாளத்தில் அடைக்கும் காட்சியில் அவை முடிகின்றன. நால்வர் படம் அவ்வரிசையில் நான்காவது. 1498ஆம் ஆண்டில் இவை நூல்வடிவம் பெற்றன. இலத்தீன் மொழியில் ஒரு பதிப்பு, ஜெர்மன் மொழியில் ஒரு பதிப்பு. கற்றோர்க்கு ஒன்று, நகரத்துப் பொதுமக்களுக்கு ஒன்று.

நூலின் அமைப்பே ஒரு புரட்சி எனலாம். வலப்பக்கம் முழுவதையும் படம் நிறைத்தது. எழுத்து அதன் பின்புறத்துக்குச் சென்றது. படிப்பவர் முன்னே விரியும் இரு பக்கங்களுள் ஒன்றில் எழுத்தும் மற்றொன்றில் படமும் சமநிலையில் நின்றன. ஏவலாளாக இருந்த படம் இணையாசனம் பெற்றது. எழுத்தறியாதவரும் படங்களை மட்டும் புரட்டிக் கதையை உணரலாம்.

அதனினும் பெரிய துணிவு மற்றொன்று. எழுத்துருக்கள் கோபர்கருடையவை, ஆயினும் அச்சிட்டவர் என்று நூலில் காணப்படும் பெயர் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் என்பதே. ஓர் ஓவியர் தாமே படம் வரைந்து, தாமே முதலீடு செய்து, தம் பெயரிலேயே நூலை வெளியிட்டார். அதற்குமுன் அத்தகைய முயற்சி கண்டதில்லை. புரவலர் எவரும் அவரைப் பணிக்கவில்லை; மன்னர் எவரும் பணம் தரவில்லை. இளங்குடும்பம் ஒன்றின் பிழைப்பே அப்பலகைகளில் தங்கியிருந்தது. 1497ஆம் ஆண்டிலேயே அவர் தம் அச்சுப்படங்களை ஊர் ஊராகக் கொண்டுசென்று விற்க முகவரை அமர்த்தியிருந்தார். பிற்காலத்தில் அவர் மனைவியும் தாயும் சந்தைகளில் படங்களை விற்றனர். ஒவ்வொரு படத்தின் கீழும் அகன்ற ஏ எழுத்தின் கால்களுக்கிடையே டி எழுத்து அமர்ந்த அவர் முத்திரை பதிந்திருந்தது. சந்தைக்கு வரும் எவரும் அம்முத்திரையைக் கண்டு படைப்பாளி யார் என அறிந்தனர்.

நால்வர்

திருவெளிப்பாட்டின் ஆறாம் அதிகாரத்தில் ஆட்டுக்குட்டியானவர் ஏழு முத்திரைகள் பதித்த ஏட்டைத் திறக்கிறார். முதல் நான்கு முத்திரைகள் உடையும்போது நான்கு குதிரைகள் வெளிப்படுகின்றன. வெண்குதிரையில் வருபவன் கையில் வில். செங்குதிரையில் வருபவன் கையில் பெருவாள். கருங்குதிரையில் வருபவன் கையில் துலாக்கோல். மங்கிய நிறக் குதிரையில் வருபவன் பெயரோ சாவு. பாதாளம் அவனைப் பின்தொடர்கிறது.

மறைநூலில் இந்நால்வரும் ஒருவர்பின் ஒருவராகவே வருகின்றனர். டியூரருக்கு முந்தைய படங்களிலும் அவர்கள் பெரும்பாலும் தனித்தனியே நின்றனர். டியூரரோ நால்வரையும் ஒரே பாய்ச்சலில் இணைத்துவிட்டார். படத்தின் இடப்புறத்திலிருந்து வலப்புறம் நோக்கி, மேலிருந்து கீழாகச் சரிந்த ஒரே அணியாக அவர்கள் வருகின்றனர். நெடுந்தொலைவில் வில்லாளி நாணை இழுக்கிறான். அடுத்தவன் வாளைத் தலைக்குமேல் ஓங்குகிறான். நடுவில் துலாக்கோல் ஏந்தியவன் அதனைப் பின்னோக்கி வீசியபடி விரைகிறான். மூன்று குதிரைகளின் முன்னங்கால்களும் ஒன்றுபோல் காற்றில் எழுகின்றன. பின்புலத்தில் கிடைக்கோடுகள் நிறைந்து, காற்றின் வேகத்தையே கண்ணுக்குக் காட்டுகின்றன. மேலே ஒரு வானதூதர் பறக்கிறார். அழிவும் விண்ணின் ஆணைக்கு உட்பட்டதே என்பது அதன் குறிப்பு.

குதிரைகளை அவற்றின் நிறத்தால் வேறுபடுத்துகிறது மறைநூல். கருமையும் வெண்மையும் மட்டுமே உள்ள தாளில் நிறத்துக்கு இடமேது? டியூரர் நிறத்தைக் கைவிட்டுக் கருவியையும் உடலையும் கொண்டே ஒவ்வொருவனையும் அடையாளம் காட்டினார். குறையென்று தோன்றியதே நிறைவாயிற்று. கருவிகள் எல்லாம் அன்றைய நாட்டு மக்கள் கையில் இருந்தவை. வில்லும் வாளும் துலாக்கோலும் நூரம்பர்க் தெருக்களில் காணாத பொருள்களா?

நான்காமவன்தான் காண்போர் நெஞ்சை உறைய வைப்பவன். மற்ற மூவரும் வலிமை மிக்க குதிரைகளில் வருகின்றனர். சாவோ விலாவெலும்பு தெரியும் நோஞ்சான் குதிரையில், தாளின் கீழ்விளிம்புக்கு மிக அருகில் வருகிறது. அதற்கு எலும்புக்கூட்டின் உருவம் தரப்படவில்லை. தாடி வளர்ந்து, உடல் வற்றி, வாய் திறந்த கிழவனாக, மூன்று முனைகள் கொண்ட கவைக்கோலை ஏந்தி வருகிறது. அதன் குதிரைக்கு விரைந்து பாயும் ஆற்றலில்லை. எனினும் முன்னவர் மூவரும் தள்ளிச் சாய்த்தவர்கள்மேல் அது மிதித்து நடந்தால் போதுமே! இடப்புறக் கீழ்மூலையில் பாதாளம் ஒரு பெருவிலங்கின் வாயாகத் திறந்திருக்கிறது. அதனுள் முடிதரித்த பெருமகன் ஒருவன் தலைகுப்புற விழுகிறான். வலப்புறத்தில் நகரத்து ஆடவரும் பெண்ணும் ஒருவர்மேல் ஒருவராகச் சாய்கின்றனர். பெருமகனுக்கும் எளியவனுக்கும் அங்கே வேறுபாடில்லை.

துலாக்கோல் ஏந்தியவன்

நால்வருள் நடுநாயகமாகவும் பெரிதாகவும் ஓவியர் அமைத்தது வாள் ஏந்தியவனையன்று, துலாக்கோல் ஏந்தியவனையே. அதன் பொருளை உணர மறைநூலின் செய்தியை நினைவுகூர வேண்டும். கருங்குதிரை தோன்றும்போது ஒரு குரல் தானியத்தின் விலையை அறிவிக்கிறது. ஒருநாள் கூலிக்கு, ஒருவன் ஒருநாள் உண்ணும் அளவே கோதுமை கிடைக்கும். மலிவான வாற்கோதுமையானால் அதைப்போல் மூன்று மடங்கு கிடைக்கும். எண்ணெய்க்கும் திராட்சை மதுவுக்கும் கேடு நேரலாகாது என்றும் அக்குரல் கூறுகிறது. உழைப்பவன் கூலி முழுவதும் அவன் ஒருவன் வயிற்றுக்கே சரியாகும்; மனைவி மக்களுக்கு எதுவும் எஞ்சாது. அதே வேளையில் செல்வர் இல்லத்து நுகர்பொருள்களுக்குக் குறைவில்லை. பஞ்சத்தின் இலக்கணத்தை இதனினும் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

வணிகத்தால் வளர்ந்த நகரம் நூரம்பர்க். அங்கே வாழ்ந்த ஓவியர், பஞ்சத்தை மெலிந்த உருவமாகக் காட்டவில்லை. நல்லுடை உடுத்தி, நல்ல உடற்கட்டோடு குதிரையேறி வரும் பெருமகனாகக் காட்டினார். மெலிவெல்லாம் அவனுக்குப் பக்கத்தில் வரும் சாவின் உடலில் இருக்கிறது. கையில் உள்ள துலாக்கோலின் தட்டுகள் வெறுமையாக ஆடுகின்றன. நிறுப்பதற்கு ஏதும் இல்லாத துலாக்கோல், வாளைப் போலவே கொல்லும் படைக்கலம் ஆகிறது.

இத்தகைய குறிப்புகள் நூலின் பிற படங்களிலும் உண்டு. யோவானைக் கொதிக்கும் எண்ணெயில் இடுமாறு பணிக்கும் உரோமப் பேரரசர், துருக்கிய சுல்தானின் உடையில் வீற்றிருக்கிறார். பாபிலோன் மாது உடுத்திருப்பதோ வெனிஸ் நகரத்துச் செல்வப் பெண்டிரின் ஆடை. 1495ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் இருந்தபோது அவ்வாடையை அவர் நேரிற்கண்டு வரைந்துவைத்திருந்தார். முதல் நூற்றாண்டின் இறுதியில் பத்மு தீவில் எழுந்ததாகக் கூறப்படும் காட்சியை, அவர் தம் காலத்து முகங்களோடும் உடைகளோடும் தம் காலத்து மக்களிடம் அளித்தார். இனிமேல் எப்போதோ வரவிருக்கும் அழிவாக அதனைக் காட்டாமல், போரும் விலையேற்றமும் நோயுமாக அன்றாடம் வந்துகொண்டிருக்கும் அழிவாகக் காட்டினார். படத்தின் ஆற்றலுக்கு அடிப்படை இதுவே.

வழிவழி வந்தவை

1500ஆம் ஆண்டு வந்தது, சென்றது. உலகம் முடியவில்லை. ஆனால் படங்களுக்கு இருந்த மதிப்பு குறையவில்லை. 1511ஆம் ஆண்டில் புதிய முகப்புப் படத்தோடு டியூரர் இலத்தீன் பதிப்பை மீண்டும் வெளியிட்டார். அந்த ஆண்டில் வெளியிட்ட நூல்களில், பிறர் உழைப்பைத் திருடுவோருக்குக் கடுமையான எச்சரிக்கை ஒன்றும் இடம்பெற்றது. பேரரசர் மாக்சிமிலியன் தந்த உரிமையைச் சுட்டி, படங்களைத் திருட்டுத்தனமாக அச்சிடுவோர் தண்டனைக்கு ஆளாவர் என்று அறிவித்தார். அதனை அடுத்து 1512ஆம் ஆண்டின் தொடக்கத்தில், டியூரரின் முத்திரையைப் பொய்யாகப் பொறித்த படங்களை விற்ற வெளியூரான் ஒருவன் அம்முத்திரையை நீக்க வேண்டும் என்று நூரம்பர்க் நகரமன்றம் ஆணையிட்டது. படைப்பாளியின் உரிமை என்னும் கருத்தின் தொடக்கக் காட்சிகளுள் இதுவும் ஒன்று.

1522ஆம் ஆண்டு செப்டம்பரில் மார்ட்டின் லூத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு விட்டன்பர்க்கில் வெளியானபோது, அதிலுள்ள திருவெளிப்பாட்டுக்கு லூக்காஸ் கிரானாக்கின் தொழிற்கூடம் 21 படங்களைச் செதுக்கியது. அவற்றுக்கு முன்மாதிரி டியூரரின் படங்களே. ஆனால் கிரானாக் பாபிலோன் மாதின் தலையில் போப்பாண்டவரின் மூவடுக்கு முடியைச் சூட்டினார். அதனால் எழுந்த எதிர்ப்பால், அதே ஆண்டு டிசம்பரில் வந்த பதிப்பில் அம்முடியை வெட்டிக் குறைக்க நேர்ந்தது. எல்லாரையும் மிதித்துச் சென்ற டியூரரின் குதிரைகள், இப்போது எதிர்க்கட்சியினரை மட்டும் மிதிக்கும் குதிரைகளாகப் பழக்கப்பட்டன. ஓர் ஓவியத்தின் அச்சம் கட்சிச் சண்டைக்குக் கருவியானால் அதன் அகலம் சுருங்கிவிடும் என்பதற்கு இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதே போதும்.

ஒரு கனவு

டியூரரின் வாழ்விலிருந்து அந்நான்காம் வீரன் விலகவேயில்லை. 1505ஆம் ஆண்டில் கொள்ளைநோய் மீண்டும் நூரம்பர்க்கைத் தாக்கியபோது, நோஞ்சான் குதிரைமேல் முடிசூடி வரும் சாவரசனைக் கரித்துண்டால் வரைந்து, தன்னை மறவாதிருக்குமாறு சாவே கூறும் சொற்களையும் அதில் எழுதினார். 1514ஆம் ஆண்டில் தாயார் இறப்பதற்கு இரண்டு திங்களுக்கு முன், அவருடைய வற்றிய முகத்தையும் எலும்பு தெரியும் கழுத்தையும் ஒளிவுமறைவின்றி வரைந்தார். கொள்ளைநோயையும் வறுமையையும் ஏளனத்தையும் தாங்கிய முகம் அது.

1524ஆம் ஆண்டில் மீன இராசியில் கோள்கள் கூடுவதால் பெருவெள்ளம் வந்து உலகை அழிக்கும் என்று ஜெர்மன் நாடெங்கும் துண்டுநூல்கள் பரவின. வெள்ளம் வரவில்லை. ஆனால் மறு ஆண்டில் உழவர் கிளர்ச்சியில் இரத்த வெள்ளம் ஓடியது. அந்த 1525ஆம் ஆண்டு ஜூன் மாதத்து இரவொன்றில் டியூரர் ஒரு கனவு கண்டார். வானிலிருந்து பெரும் நீர்த்தூண்கள் பூமியில் விழுந்தன. முதலாவது நெடுந்தொலைவில் பேரொலியோடு விழுந்து அந்நிலப்பகுதியை மூழ்கடித்தது. அவர் அஞ்சி விழித்தார், உடல் நடுங்கியது. காலையில் எழுந்ததும் கண்டதை நீர்வண்ணத்தில் தீட்டி, அதன்கீழ்க் கனவின் செய்தியை எழுதினார். நீர் எத்தனை கல் தொலைவில் விழுந்தது, எத்தகைய விரைவோடு வந்தது என்றெல்லாம் குறித்தார். இறைவன் எல்லாவற்றையும் நன்மையாக முடிக்கட்டும் என்ற வேண்டுதலோடு அக்குறிப்பை முடித்தார். அத்தாள் இன்று வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரு தாள்களையும் ஒப்பிடுவது பயனுடையது. 1498ஆம் ஆண்டின் தாளில் வானதூதர் உண்டு, வீரர் உண்டு, பாதாளத்தின் வாய் உண்டு. 1525ஆம் ஆண்டின் தாளில் இவற்றுள் எதுவும் இல்லை. வெட்டவெளி, சிறு மரங்கள், வானிலிருந்து இறங்கும் நீலநீர் ஆகியவை மட்டுமே உள்ளன. முதல் தாளில் மறைநூல் கண்ட கனவை இளைஞர் ஒருவர் வரைந்தார். இரண்டாம் தாளில் தாமே கண்ட கனவை 54 வயதினர் ஒருவர் அளந்து எழுதினார். அச்சம் குறைந்துவிடவில்லை. ஆனால் நடுங்கும் கையிலும் தூரிகை நழுவவில்லை. மூன்றாண்டுகள் கழித்து, 1528ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், டியூரர் மறைந்தார்.

அவர் வரைந்த குதிரைகள் அவருடைய நகரத்துக்கே ஒருநாள் வந்தன. 1945ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் மாலை குண்டுவீச்சில் நூரம்பர்க்கின் பழைய நகரம் தரைமட்டமாயிற்று. கோபர்கரின் அச்சுப்பொறிகள் ஒருகாலத்தில் ஓடிய தெருக்கள் சாம்பலாயின. டியூரர் 1509ஆம் ஆண்டில் வாங்கி வாழ்ந்த வீடு போரில் சேதமுற்றது. பின்னர் செப்பனிடப்பட்டு இன்றும் நிற்கிறது. சுவரில் தீட்டிய ஓவியமானால் சுவரோடு அழிந்திருக்கும். தாளில் அச்சிட்டுச் சந்தைகளில் விற்ற படமோ பல நாடுகளின் காட்சியகங்களில் பிழைத்திருந்தது. உலகின் முடிவைக் காட்டிய தாள், ஒரு நகரத்தின் முடிவையும் கடந்து நின்றது. பொன்னும் வண்ணமும் இன்றி, ஒரு மரப்பலகையையும் கத்தியையும் நம்பி அந்த 27 வயது இளைஞர் செய்த முதலீடு அது.